முதலில் கவர், பிறகு வீடியோ

சங்ககிரியில் ஷார்ட்ஸ் எடுப்பவர்களுக்கு விஷயப் பஞ்சமே கிடையாது. லாரிப் பட்டறைகள் இருக்கின்றன, மலைக்கோட்டை இருக்கிறது, ஆடி 18 அன்று, இந்தக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு மாலை போட வரும் கூட்டம் இருக்கிறது. எடுக்கும் வீடியோவும் பெரும்பாலும் நன்றாகவே அமைந்துவிடுகிறது. சேனல் பக்கத்தைத் திறந்தால்தான் கோளாறு தெரியும். பாதி மூடிய கண், கலங்கிப்போன சக்கரம், வெறும் வானம் என்று வரிசையாக நிற்கும். யாரும் தேர்ந்தெடுக்காததால் யூடியூப் தானாகப் பிடித்துப் போட்ட ஃப்ரேம்கள் அவை.

எல்லா வீடியோவுக்கும் மெனக்கெட வேண்டியதில்லை. ஷார்ட்ஸை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர் கண்ணில் கவர், அதாவது தம்ப்நெயில், படுவதே இல்லை. வீடியோ நேராக ஓட ஆரம்பித்துவிடும். தம்ப்நெயில் உழைப்பது தேடல் பக்கத்திலும் சேனல் பக்கத்திலும்தான். ஆகவே கோட்டைக்கு ஏறும் வழி, லாரிக்குப் பாடி கட்ட ஆகும் செலவு என்று யாராவது தேடி வரக்கூடிய வீடியோவுக்கு நேரம் செலவழிக்கலாம். டீக்கடை ஜோக்குக்காகக் கேன்வாவில் அரை நாள் உட்காருவது வெட்டி வேலை.

அளவு 1080-க்கு 1920 பிக்சல். அதில் யாரும் தடுமாறுவதில்லை.

தடுமாறும் இடம் வேறு. நீள வீடியோவுக்குத் தம்ப்நெயிலைத் தனியாக வடிவமைத்து ஏற்றிப் பழகியவர்கள், ஷார்ட்ஸுக்கும் அழகாக ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு அதை ஏற்ற இடம் தேடி அலைகிறார்கள். ஷார்ட்ஸில் வழக்கமான வழி, வீடியோவுக்குள் இருக்கும் ஒரு ஃப்ரேமைத் தேர்ந்தெடுப்பது. போன் ஆப்பில் ஏற்றும்போது, தலைப்பு எழுதும் பக்கத்தில் உள்ள முன்னோட்டப் படத்தின் மேல் சின்னப் பென்சில் குறி இருக்கும். அதைத் தொட்டால் ஃப்ரேம்கள் வரிசையாக வரும். எடிட்டிங்கை எதில் செய்தாலும் ஏற்றுவதைப் போனிலேயே வைத்துக்கொள்வது நல்லது. வெளியிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது, பார்க்காமலேயே விடுவதில்தான் முடியும்.

ஆக, வேண்டிய படம் வீடியோவுக்குள் இருந்தாக வேண்டும். இதற்குப் பலரும் பிடிக்கும் குறுக்குவழி, செய்து வைத்த படத்தை வீடியோவின் வாலில் கால் விநாடிக்கு ஒட்டிவிடுவது. ஒட்டுவதென்றால் வாலில்தான் ஒட்ட வேண்டும். தள்ளப்போகும் விரலை நிறுத்துவது முதல் விநாடி. அதில் அசையாத அட்டையைக் காட்டினால் ஆள் போய்விடுவார். வாலில் ஒட்டினாலும் ஒரு நெருடல் உண்டு. ஷார்ட்ஸ் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். அந்தச் சந்தில் அட்டை பளிச்சென்று வெட்டிப் போகும்.

அதைவிடச் சுத்தமான வழி, கவருக்கென்றே ஒரு ஷாட் எடுப்பது. வேறெந்த ஷாட்டுக்கும் முன்னால் அதை எடுத்துவிட வேண்டும். ஆளும் அசையக் கூடாது, போனும் அசையக் கூடாது. இரண்டு விநாடி போதும். நடந்துகொண்டே எடுத்த வீடியோவில் நிறுத்திப் பார்த்தால் தெளிவான ஃப்ரேம் ஒன்றுகூடச் சிக்காது, வெளிச்சம் குறைந்த இடத்தில் சுத்தமாகச் சிக்காது. பட்டறைத் தகரக் கூரைக்குக் கீழே வெல்டிங் பொறி பறந்தால், போன் அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு ஆளின் முகத்தைக் கரியாக்கிவிடும். வெல்டிங் தொடங்குமுன் ஆளை வாசல் வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்தி, திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். லென்ஸைத் துடைக்கச் சொல்வது அவமானமாகப் படலாம். ஆனாலும் துடைக்க வேண்டும். பட்டறையில் எல்லார் கையிலும் கிரீஸ்.

லாரிக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி. லாரி நீளம், சட்டம் உயரம். பக்கவாட்டில் நின்று முழு வண்டியையும் அடக்கினால் நடுவில் ஒரு பட்டைதான் தெரியும். மேலே வானம், கீழே தார் ரோடு. முகப்புக்கு எதிரே, கொஞ்சம் ஓரமாக, முழங்கால் உயரத்தில் போனைப் பிடித்தால் கேபின் நெட்டுக்குத்தாகச் சட்டத்தை நிறைக்கும். பக்கத்தில் டிரைவர் நின்றால் வண்டியின் உயரமும் புரியும். கோட்டைக்கும் இதே கதைதான். மலை முழுவதையும் அடக்க ஆசைப்படாமல், கோட்டை வாசல்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் நடுவே ஒரு ஆளை நிறுத்தினால் போதும். நடுப்பகல் வேண்டாம், பாறை கறுத்து, வானம் வெளுத்துவிடும். இடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் டிரோன் பறக்கவிட அனுமதி வேண்டும்.

கவரில் எத்தனை பொருள் வைப்பது என்பதற்கு ஒரு நல்ல பாடம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல். அவர்கள் படங்களில் கண் முதலில் போவது மலைபோல் குவிந்த சாமானின் மேல். அடுத்து அந்தச் சேனலில் வரும் தாத்தாவின் முகத்தின் மேல். மூன்றாவதாக ஒன்று கண்ணை இழுப்பதில்லை. கவரில் இரண்டு பொருளுக்கு மேல் வைக்கக் கூடாது.

இன்ஸ்டாகிராமில் வேலை சுலபம். ரீல்ஸுக்குக் கேலரியிலிருந்து தனிப் படத்தையே கவராக வைக்கலாம், பிறகு மாற்றவும் செய்யலாம். ஆனால் அங்கே கத்தரி உண்டு. 2025 ஜனவரியில் புரொஃபைல் கட்டங்கள் சதுரத்திலிருந்து மூன்றுக்கு நான்கு என்ற நெட்டு வடிவத்துக்கு மாறின. 1080 அகலத்துக்கு 1440 உயரம்தான் கட்டத்தில் தெரியும். மேலே 240, கீழே 240 பிக்சல் வெட்டுப்படும். மிஞ்சுவதிலும் அடியோரத்தில் பார்வை எண்ணிக்கை வந்து உட்காரும். யூடியூபிலும் தலைப்பும் எண்ணிக்கையும் அடிப்பக்கத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். எழுத்தும் முகமும் நடுவில் இருந்தால் இரண்டு இடத்துக்கும் ஒரே படம் போதும்.

எழுத்தின் அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. போன் திரை சுமார் 7 சென்டிமீட்டர் அகலம். இன்ஸ்டாவில் வரிசைக்கு மூன்று கட்டம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது 2.3 சென்டிமீட்டர். 1080 பிக்சலை அதற்குள் சுருக்கினால் 100 பிக்சல் உயர எழுத்து 2 மில்லிமீட்டர்தான். 200 பிக்சலாவது வேண்டும். அந்த அளவில் வரிக்கு ஐந்தாறு தமிழ் எழுத்துக்கு மேல் நிற்காது. ‘தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட சங்ககிரி கோட்டை முழு வரலாறு’ என்பதெல்லாம் தலைப்பில் போகட்டும். கவருக்கு அவர் தூக்கிலிடப்பட்ட ஆண்டு, ‘1805’, போதும். வண்டி வீடியோவுக்கு நம்பர் பிளேட்டில் உள்ளபடி ‘டிஎன் 52’ என்று போட்டால் சங்ககிரி வண்டி என்று ஊர்க்காரர் எவரும் சொல்லிவிடுவார். நிறத்துக்கும் அந்த நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொள்ளலாம்: மஞ்சளில் கறுப்பு.

ஃபாண்ட் விஷயத்தில் ஃப்ளெக்ஸ் கடைப் பழக்கம் காலை வாரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. பிக்சல்லேப் ஆப்பில் அவற்றில் ஒன்றை ஏற்றிவிட்டுச் சாதாரணத் தமிழ் விசைப்பலகையில் அடித்தால் அந்த எழுத்து வராது. பலூ தம்பி, அனெக் தமிழ், கேட்டமரான் மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், யூனிகோடு, தடித்த வடிவமும் உண்டு. எழுத்தைச் சுற்றிப் பட்டையாக அவுட்லைன் போடுவதில் நிதானம் வேண்டும். ‘ண’வின் சுழியும் மெய்யின் புள்ளியும் அடைந்துபோகும். அவுட்லைனுக்குப் பதில் எழுத்துக்குப் பின்னால் ஒரு நிறப்பட்டை போடுவது மேல்.

கவரில் காட்டியது வீடியோவிலும் இருக்க வேண்டும், அதுவும் முதல் சில விநாடிகளுக்குள். படம் ஒன்று, உள்ளே வேறொன்று என்று ஏமாற்றும் வீடியோக்கள் மேல், குறிப்பாகச் செய்தி சார்ந்தவற்றின் மேல், இந்தியாவில் கடுமை காட்டப்போவதாக யூடியூப் 2024 டிசம்பரில் அறிவித்தது.

ஏற்றுமுன் ஒரே ஒரு சோதனை. படத்தைக் கேலரிக்குக் கொண்டுபோய், சிறு கட்டங்களாகத் தெரியும்படி சுருக்கி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, கையை நீட்டிப் பார்க்க வேண்டும். படிக்க முடியவில்லையென்றால் ஒரு சொல்லை எடுத்துவிட வேண்டும்; எழுத்தைச் சுருக்கி எல்லாவற்றையும் அடக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். இன்ஸ்டாவில் சதுரக் காலத்தில் வைத்த பழைய கவர்களையும் இதே கையோடு மாற்றிவிடலாம். அதிகம் பார்க்கப்பட்ட ரீல்ஸிலிருந்து தொடங்கினால், முதல் மூன்று வரிசை சரியானதுமே புரொஃபைல் பார்க்கும்படி ஆகிவிடும்.