பலூனில் இல்லாத பையன்

இந்த மாதப் பாடம் புகழைப் பற்றியது. ஒரு பழைய சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

2009 அக்டோபர் 15. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊர். ரிச்சர்ட் ஹீனி என்பவர் வீட்டில் செய்து வைத்திருந்த ஹீலியம் பலூன் ஒன்று பறந்துபோய்விட்டது. பார்க்கப் பறக்கும் தட்டு மாதிரி இருக்கும். அதற்குள்ளே ஆறு வயது மகன் இருக்கிறான் என்று பெற்றோர் அவசர எண்ணுக்கு அழைத்துச் சொன்னார்கள். ஹெலிகாப்டர்கள் துரத்தின. டிவியில் நேரலை. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போய் அது வயல்வெளியில் இறங்கியது. உள்ளே யாரும் இல்லை! வழியில் விழுந்துட்டானோன்னு எல்லாருக்கும் பதற்றம். கடைசியில் பையன் இருந்தது வீட்டிலேயே, கார் நிறுத்துமிடத்துக்கு மேலே உள்ள பரணில்.

அன்றிரவு சிஎன்என் பேட்டியில், கூப்பிட்டபோது ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டார்கள். பையன் அப்பாவைப் பார்த்து, நிகழ்ச்சிக்காகத்தான் இதைச் செய்ததாக நீங்கதானே சொன்னீங்க என்ற அர்த்தத்தில் பதில் சொன்னான். அவ்வளவுதான், எல்லாம் அவிழ்ந்தது. அந்தக் குடும்பம் ஏற்கெனவே ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சியில் இரண்டு முறை வந்திருந்தது. சொந்தமாக ஒரு நிகழ்ச்சி கிடைக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட நாடகம் இது என்று போலீஸ் தரப்பு சொன்னது. பெற்றோர் இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அப்பாவுக்கு 90 நாள் சிறை, அம்மாவுக்கு 20 நாள், அதோடு 36,000 டாலர் இழப்பீடு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். அது நாடகமே இல்லை, ஜப்பான் குடியுரிமை கொண்ட மனைவியை நாடு கடத்திவிடுவார்கள் என்ற பயத்தில்தான் ஒப்புக்கொண்டேன் என்று தகப்பனார் பின்னர் சொன்னார். 2020 டிசம்பரில் மாநில ஆளுநர் இருவருக்கும் மன்னிப்பு வழங்கினார். ஆனால் ஒன்றை யாரும் மறுக்க முடியாது. அந்தப் பேட்டிக்கு மறுநாள் காலை, அந்தப் பையனை மறுபடியும் கேமரா முன்னால் உட்கார வைத்தார்கள். இரண்டு நேரலை நிகழ்ச்சிகளில் அவன் வாந்தி எடுத்தான். அவன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தப் புகழை அவன் கேட்டு வாங்கவில்லை.

பொறியியல் மாணவன் என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலூன் சுமார் 20 அடி அகலம், 5 அடி உயரம். உள்ளே ஏறக்குறைய 30 கன மீட்டர் ஹீலியம் பிடிக்கும். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் ஹீலியம் சுமார் 1 கிலோ தூக்கும். ஃபோர்ட் காலின்ஸ் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கு, அங்கே காற்று அடர்த்தி குறைவு. ஆக 25 கிலோ மாதிரிதான் வரும். அதில் பலூனுடைய சொந்த எடை போக, மீதியில் ஆறு வயசுப் பையனா? ரொம்ப இழுபறி.

ஆனா டிவி முன்னால உட்கார்ந்திருந்த யாரும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டாங்க. நானும் போட்டிருக்க மாட்டேன். குழந்தைக்கு ஆபத்துன்னா மனசு கணக்குப் பார்க்காது. பார்க்கவும் கூடாது. அதனாலதான் குழந்தையை வைத்துப் புகழ் தேடுவது சுலபம். அதே காரணத்தால்தான் அது பெரிய தப்பும்கூட.

நம் கடோபநிஷதம் இப்படி ஒரு அப்பாவோடுதான் தொடங்குகிறது. வாஜச்ரவஸ் பெரிய யாகம் செய்து தானம் கொடுக்கிறார். அந்தப் பெயருக்கே, அன்னம் கொடுத்துப் புகழ் பெற்றவர் என்று பொருள் சொல்வார்கள். ஆனால் கொடுத்ததோ பால் வற்றிய கிழட்டுப் பசுக்கள். மகன் நசிகேதன் இதைக் கவனித்துவிட்டு, "அப்பா, என்னை யாருக்குக் கொடுப்பீங்க?" என்று மூன்று முறை கேட்கிறான். அப்பாவுக்குக் கோபம். "எமனுக்கு" என்கிறார். சபை பார்க்கும்படி நடத்துகிற பெரியவர், உள்ளதைக் கண்டு வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை. இரண்டு கதைக்கும் எவ்வளவு பொருத்தம் பாருங்க!

நசிகேதன் எமனிடம் கேட்ட முதல் வரம் என்ன தெரியுமா? அப்பாவின் கோபம் தணியணும், அவர் மனக்கவலை இல்லாமல் தன்னை ஏற்றுக்கொள்ளணும் என்பதுதான். பிள்ளைகளின் அன்பு அப்படிப்பட்டது. நாம் தப்பாக நடத்தினாலும் நம்மை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அந்த அன்பை முதலாக வைத்து வியாபாரம் பண்ணலாமா?

வள்ளுவரும், மகனைச் சபையில் முந்தியிருக்கச் செய்வது தந்தையின் கடமை என்கிறார். ஆனால் அதற்குப் பிள்ளையைத் தகுதியுள்ளவனாக ஆக்க வேண்டும். புகழ் என்ற அதிகாரத்தையும் அவர் ஈகையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். பிறருக்குக் கொடுத்து வருவதுதான் புகழ். பிள்ளையிடமிருந்து எடுத்து வருவது வேறு.

இது பெற்றோருக்கு மட்டுமான பாடம் என்று நினைக்காதீங்க. போன தீபாவளிக்கு, என் அக்கா மகனுக்குக் காலிப் பெட்டியை அழகாகச் சுற்றிப் பரிசு என்று கொடுத்தேன். ஐந்து வயது. திறந்து பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான். நான் படம் பிடித்து இணையத்தில் போட்டேன். அதுவரை நான் போட்ட எதையும் அத்தனை பேர் பார்த்ததில்லை. இரண்டு வாரம் கழித்து அவன் பிறந்தநாளுக்கு நிஜமாகவே ஒரு சைக்கிள் வாங்கிப் போனேன். அவன் கிட்டவே வரல. என் கையைப் பார்த்துக் கேட்டான்: "மாமா, இது வீடியோவுக்கா?"

என்னால பதில் சொல்ல முடியல. அன்றே அந்தக் காணொளியை அழித்துவிட்டேன். ஆனால் அவன் இன்னமும் என்னிடம் ஒரு பொருளை வாங்கும் முன்னால் என் கைப்பேசி எங்கே இருக்கிறது என்று பார்க்கிறான்.

வகுப்பில் கலந்து பேச:

1. ஒரு குழந்தையின் காணொளியைப் போடும்போது, அவனுக்கு இருபது வயதாகும்போது இதைப் பார்த்துச் சிரிப்பானா, கூசுவானா என்று யோசித்ததுண்டா?

2. "வேண்டாம்" என்று சொல்லத் தெரியாத வயதில் உள்ளவரிடம் நாம் வாங்குவது சம்மதமா?

3. கேமரா இல்லாவிட்டால் இதைச் செய்திருப்பேனா?

மூன்றாவது கேள்வியை முதலில் உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.