குட்டிப் பாம்புக்கு எவ்வளவு பெரிய இரை?

ஆடி, ஆவணி மாதங்களில் கிணத்துக்கடவு வட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் காய்ந்த மட்டைகளைப் புரட்டினால் பாம்புக் குட்டிகள் கண்ணில் படும். கோடையில் இட்ட முட்டைகள் பொரிந்திருக்கும் காலம் அது. தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால், ஏதாவது ஒரு வருடம் ஒரு குட்டி பாட்டிலுக்குள் அடைபட்டு வகுப்பறைக்கே வந்துவிடும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "டீச்சர், இதுக்கு என்னங்க போடறது? எலி தின்னுமுங்களா?"

குட்டிதானே என்று பாட்டிலைத் திறந்துவிடக் கூடாது. நல்ல பாம்புக்கும் விரியனுக்கும் பிறந்த அன்றே நஞ்சு உண்டு. வனத்துறைக்கோ, 101-ல் தீயணைப்புத் துறைக்கோ சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது குற்றம் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். பாம்பு போகட்டும், கேள்வியை விட்டுவிட வேண்டாம். விகிதம், சதவீதம், செரிமானம் மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

பாம்புக்குக் கடித்துத் துண்டாக்கவும் தெரியாது, மெல்லவும் தெரியாது. அதன் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இரை பின்னால் நழுவாமல் பிடிக்க மட்டுமே உதவும். கீழ்த்தாடையின் இரு பாதிகளும் நம்முடையதுபோல முன்புறம் ஒட்டியிருப்பதில்லை. நெகிழும் தசைநாரால் இணைந்திருக்கின்றன. ஒரு பக்கத் தாடையை முன்னே நகர்த்தி, பிறகு மறுபக்கத்தை நகர்த்தி, இரையின் மேல் 'நடந்து' போகிறது. தாடை கழன்றுகொள்கிறது என்று பலரும் சொல்கிறோம், அது சரியல்ல. விழுங்கும்போது மூச்சு முட்டாதா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மூச்சுக்குழலின் வாயை இரைக்கு அடியில் முன்னே நீட்டிக்கொண்டு பாம்பு மூச்சு விடும்.

முழுதாக விழுங்குவதால், இரை எவ்வளவு நீளம் என்பதைவிட எவ்வளவு பருமன் என்பதே முக்கியம். வெளிநாடுகளில் பாம்பு வளர்ப்போர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குட்டிப் பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தின் அளவே இரையின் பருமனும் இருக்கலாம். மிஞ்சினால் அதன் ஒன்றேகால் மடங்கு. எடையில் பார்த்தால் பாம்பின் எடையில் சுமார் 10 சதவீதம், ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை. சந்தேகம் வந்தால் சிறியதையே தேர்ந்தெடுப்பார்கள். இரை சிறியதாக இருந்தால் பாம்புக்குச் சீக்கிரம் மறுபடி பசிக்கும், அவ்வளவுதான்.

இதைக் களிமண்ணால் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு குழுவும் சுண்டுவிரல் பருமனில் ஒரு பாம்பு உருட்டட்டும். நூலைச் சுற்றி அளந்தால் சுமார் 5 செ.மீ. வரும். 'இரை'களாகப் புளியங்கொட்டை, கோலிக்குண்டு, எலுமிச்சம்பழம், நம்மூர்ச் சந்தைத் தக்காளி. கோலிக்குண்டின் சுற்றளவு ஏறக்குறைய 5 செ.மீ., விகிதம் 1. எலுமிச்சையின் சுற்றளவு 13 செ.மீ. என்றால் 2.6 மடங்கு, கூடாது. தக்காளியை அளக்கும் முன்பே பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அடுத்து எடை. 60 கிராம் குட்டிக்கு 6 கிராம் இரை. பிறந்த சுண்டெலிக் குஞ்சு 1 முதல் 2 கிராம். வளர்ந்த சுண்டெலி 20 கிராம் அளவில் இருக்கும். அதாவது பாம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. "எலி தின்னுமுங்களா?" என்று கேட்ட பிள்ளையையே இந்தக் கணக்கைப் போடச் சொல்ல வேண்டும்.

பெரிய இரை ஏன் ஆபத்து? பாம்பு குளிர்இரத்தப் பிராணி. அதன் செரிமான வேகம் சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்தது. இரை பெரிதாகவும் வெப்பம் குறைவாகவும் இருந்தால், செரிக்கும் முன் வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும், பாம்பு கக்கிவிடும். கக்கும்போது அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். குட்டிகள் இதில் இறந்துபோவதும் உண்டு. உயிருள்ள எலி என்றால் இன்னொரு தொல்லை: அது திருப்பிக் கடிக்கும்.

காட்டில் இந்த வரம்பைப் பாம்புகள் மீறுவதும் உண்டு. 2005-ல் அமெரிக்காவின் புளோரிடாவில், சுமார் 13 அடி பர்மிய மலைப்பாம்பும் அது விழுங்கிய 6 அடி முதலையும் செத்துக் கிடந்தன. பாம்பின் வயிறு கிழிந்து முதலை வெளியே தெரிந்த படம் உலகெங்கும் வந்தது. அந்த மலைப்பாம்புகள் அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. வீட்டில் வளர்க்க வாங்கி, தப்பவிட்டும் விடுவித்தும் பெருகியவை. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017-ல் அங்கே அழைக்கப்பட்டவர்கள் நம் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் வகுப்பில் சொல்ல வேண்டிய செய்தி என்று நினைக்கிறேன்.

பாலும் முட்டையும் வைக்கலாமா என்ற கேள்வியும் எழும். பாம்பு ஊனுண்ணி, பால் அதன் உணவே அல்ல. வீட்டு வழிபாட்டைக் கேலி செய்யாமல் இந்த உண்மையை மட்டும் சொன்னால் போதும். பொரிந்த குட்டிக்கு முதல் வாரத்தில் உணவே தேவைப்படாது. முட்டையின் மஞ்சள்கரு எச்சம் வயிற்றில் இருக்கும், முதல் தோல் உரித்த பிறகே இரை தேடும். பாட்டிலுக்குள் அது எதையும் தொடாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோப்பில் விட்டால் அதற்கான அளவு தானே கிடைக்கும். தண்ணீர்ப்பாம்புக் குட்டிக்குத் தலைப்பிரட்டை, சாரைக் குட்டிக்குச் சிறு தவளை, சுருட்டை விரியனுக்குப் பூரானும் தேளும். வளர வளர சாரை எலிக்கு மாறும். வீட்டுப்பாடமாக, மாணவர்கள் தத்தம் தோட்டத்தில் காணும் சிற்றுயிர்களைத் தொடாமல் பட்டியலிட்டு, எது எந்த வயதுப் பாம்புக்கு இரையாகும் என்று எழுதி வரட்டும். மட்டைக் குவியலைக் கையால் கிளறக் கூடாது, பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பதைக் கரும்பலகையிலேயே எழுதிப் போடுங்கள்.