காலுக்கு பூட்ஸ், கைக்கு ஒப்பந்தம்

கண்டியில் ஒரு பிள்ளை உதைபந்தாட்டக்காரனாக வேண்டும் என்றால், "ஏன், றக்பி விளையாடக் கூடாதா?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். நித்தவளையில் றக்பி நடந்தால் ஊரே அங்கே திரளும். போகம்பறை மைதானத்தில் பந்து உதைத்து வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி பழகிவிட்டது. இப்போது கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்துப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இதையே தொழிலாக்க நினைப்பவர்களிடம் ஆட்டத்தைவிடக் கடதாசியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன்.

2021இல் சுப்பர் லீக் தொடங்கியபோது பத்துக் கழகங்களில் ஒன்றாக நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸும் இருந்தது. மலைநாட்டுப் பையனும் சம்பளத்துக்கு விளையாடலாம் என்று அன்று எத்தனை வீடுகள் நம்பின! கொரோனா அந்தப் பருவத்தைக் குலைத்தது. 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்த, ஆகஸ்ட் வரை சர்வதேசப் போட்டிக் கதவே மூடிக் கிடந்தது. இருபது வயதுக்காரனுக்கு அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்காது. அதனால்தான், தம்பி, சாதாரண தரப் பரீட்சையை விட்டுவிடாதே என்கிறேன். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் இடம் கிடைத்தால் தயங்காமல் போ. மாதச் சம்பளம் நிச்சயம். பந்தும் காலை விட்டுப் போகாது.

எனக்குத் தெரிந்த ஒரு பின்கள வீரனுக்கு ஒரு கழகம் வாய்ப்பேச்சில் சம்பளம் சொன்னது. மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் அவனால் எங்கும் போய் முறையிட முடியவில்லை. பீபா விதியின்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்து, ஆட்டச் செலவுக்கு மேல் பணமும் பெறுபவன்தான் தொழில்முறை வீரன். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், கழகத்துக்கு எழுத்தில் அறிவித்து, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். 18 வயதாகாதவனை மூன்று வருடத்துக்கு மேல் கட்டிப்போட முடியாது. அந்த வயதில், குடும்பத்தோடு இடம்பெயர்வது போன்ற சில விலக்குகள் தவிர, வெளிநாட்டுக் கழகத்துக்கு மாறவும் முடியாது. பதினாறு வயதுப் பையனை மாலைதீவுக்கு அனுப்புகிறேன் என்று முற்பணம் கேட்டு வருபவரை அம்மாமார் வாசலிலேயே திருப்பி அனுப்பவேண்டும்.

உடம்பு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். நாவலப்பிட்டி மழையில் மைதானம் சேறாகிவிடும். உடம்பு சூடேறாமல் ஓடினால் தொடைத் தசை கிழியும், முழங்கால் திருகும். 'பீபா 11+' என்ற தயார்ப் பயிற்சிக்கு 20 நிமிடம் போதும். மெதுவோட்டம், பிறகு தசைவலுவும் சமநிலையும் துள்ளலும், கடைசியில் வேக ஓட்டம். கருவி என்று பந்தைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்யாதவனை நான் அணியில் இறக்குவதில்லை. பணப்பரிசுக்காக ஞாயிறுதோறும் ஊர் ஊராக நடக்கும் எழுவர் போட்டிகளுக்கு ஓடுவதையும் தடுக்கிறேன். அங்கே முழங்கால் போனால் சிகிச்சைச் செலவு யார் தலையில் விழும்?

பெற்றோருக்கு இன்னொன்று. பிள்ளைக்கு 12 வயதானதும் ஊர்க் கழகமொன்றில் முறையாகப் பதிந்துவிடுங்கள். பதிவின் பிரதியொன்று வீட்டிலும் இருக்கட்டும். நாளை அவன் கட்டணத்துக்கு வேறு நாட்டுக் கழகம் ஒன்றுக்கு மாறினால், அந்தத் தொகையில் ஐந்து வீதம் 12 வயது முதல் 23 வரை அவனை வளர்த்த கழகங்களுக்குப் பிரியும். பந்து வாங்கவே சந்தா பிரிக்கும் நம் மலைநாட்டுக் கழகங்கள் அந்தப் பங்கைக் கேட்பதற்கு, அவன் பெயர் அங்கே பதிவில் இருக்கவேண்டும்.