தொடாமல் பழகினால் பிடி வராதா?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில், கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கபடிக்குத் தனி மரியாதை உண்டு. பொங்கல் நெருங்கினால் காலி நிலத்தில் கோடு கிழித்து, லைட் கட்டி, இருட்டிய பிறகும் பிராக்டிஸ் நடக்கும். அங்கே சொல்லித்தரும் அண்ணன்மாரின் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் சில பேச்சுகளை நம்பி, மேட்சுக்கு முன்பே முட்டியையும் கணுக்காலையும் இழந்து உட்காரும் பையன்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

நம்பிக்கை: “மேல விழுந்து பிடிச்சாத்தான்டா பிராக்டிஸ். தொடாம ஆடுறதெல்லாம் ஓட்டப்பந்தயம்.”

உண்மை: ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அதில் பிடி என்பது பெரும்பாலும் கடைசிச் சில விநாடிகள்தான். மீதி நேரமெல்லாம் காலும் கண்ணும் மூச்சும் செய்யும் வேலை. ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதைத் தாண்டி இன்னும் 1 மீட்டரில் போனஸ் கோடு. எதிரே ஆறு பேராவது நிற்கும்போது ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மறு காலை அந்தரத்தில் வைத்திருக்க வேண்டும். இந்த ஓர் அடியைப் பழக யாரும் நம் மேல் விழத் தேவையில்லை. வெறுங்களத்தில் நூறு தடவை வைத்த கால்தான் மேட்சில் யோசிக்காமல் போகும். டோ டச்சும் அப்படித்தான், பாட்டு விடாமல் சட்டென்று திரும்புவதும் அப்படித்தான்.

பிடிப்பவர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பேன். கார்னரும் பக்கத்தில் நிற்பவரும் கைகோத்துச் செயின் போடும்போது, ஒருவர் அரை அடி முந்தினால் போதும், ரெய்டருக்கு வழி திறந்துவிடும். ஏழு பேரும் ஒரே தாளத்தில் நகர்வது உடல் பலத்தால் வருவதில்லை. “பத்து ரெய்டுக்கு யாரும் அவனைத் தொடக் கூடாது, இடத்தை மட்டும் அடைக்கணும்” என்று சொல்லிப் பாருங்கள். அவசரப்பட்டுப் பாய்கிறவன் யார், பின்வாங்கி லைன் உடைக்கிறவன் யார் என்று பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். பிடித்து ஆடும்போது பலசாலிப் பையனின் இந்தத் தப்பு அவன் பலத்திலேயே மறைந்துபோகிறது. பெரிய டீமோடு மோதும் நாளில்தான் அது வெளியே வரும்.

நம்பிக்கை: “முரட்டு ஆட்டத்த முரட்டுத்தனமாத்தான் பழகணும்.”

உண்மை: கபடியைவிட முரட்டு ஆட்டம் ஒன்று உண்டு, அமெரிக்கக் கால்பந்து. தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆளை ஆள் இடித்துத் தள்ளுவார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், நம் மெயின் ரெய்டர் மாதிரி. பிராக்டிஸில் அவருக்கு வேறு நிறச் சட்டை கொடுத்துவிடுவார்கள், அவர்மேல் யாரும் மோதக் கூடாது. மின்னசோட்டாவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஜான் கல்யார்டி, பிராக்டிஸில் ஆளைச் சாய்க்கவே விடமாட்டார். 2012இல் ஓய்வு பெற்றபோது அவருடைய வெற்றிகள் 489. அங்கே கல்லூரிப் பயிற்சியாளர் எவரும் அவ்வளவு வென்றதில்லை. டார்ட்மத் கல்லூரியின் பட்டி டீவன்ஸ் 2010இல் பிராக்டிஸில் சொந்த ஆளைச் சாய்ப்பதை நிறுத்தி, மெத்தைப் பொம்மைகள்மேல் பழகவிட்டார். 2015இல் அந்த அணி ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு, சீசன் நாட்களின் பிராக்டிஸில் முழு மோதல் வேண்டாம் என்று அந்த லீக்கின் எட்டு அணிப் பயிற்சியாளர்களும் ஒரே குரலில் முடிவெடுத்தார்கள்.

நம் ஊரில் அந்தப் பொம்மைக்குப் பணம் தேவையில்லை. மல்லாட்டைச் சாக்கில் வைக்கோலைத் திணித்துப் புங்கமரத்தில் கட்டினால் கவர் டேஷ் பழகலாம், தரையில் கிடத்தினால் ஆங்கிள் ஹோல்டும் தை ஹோல்டும் பழகலாம். கை எங்கே போகிறது, தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைச் சாக்கிலேயே திருத்திவிட முடியும். பிடியை ஆள்மேல் பழகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விழுவதையும் இழுபடுவதையும் உடம்பு அறியத்தான் வேண்டும். அதற்கு வாரத்தில் ஓரிரு நாள், களைப்பு ஏறுவதற்கு முன், சம எடையுள்ள ஜோடியாக விட்டால் போதும்.

நம்பிக்கை: “மயங்கி விழலல்ல? அப்ப தலையில ஒண்ணும் இல்ல.”

உண்மை: மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. தலைவலி, வாந்தி, கண் மங்கல், ஸ்கோர் மறந்துபோவது, நின்ற இடத்திலேயே தடுமாறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அவன் ஆடக் கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் படும் இரண்டாவது அடி உயிரையே எடுக்கக்கூடும். தண்ணீர் தெளித்து மறுபடி களத்தில் இறக்குவது வீரமல்ல. வாந்தி நிற்கவில்லை, தூக்கம் தூக்கமாக வருகிறது, பேச்சு குழறுகிறது என்றால் 108க்குக் கூப்பிட்டுவிடுங்கள்.

சொல்லித்தரும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் மேட்சுக்கு முந்தின வாரம், ஆளைப் பிடிக்காமல் பிராக்டிஸ் வைத்துப் பாருங்கள். ஏழு பேரும் நோகாத காலோடு களத்தில் இறங்கட்டும்.