ரிப்பன் போ போர்வை: பனியன் துணியா, நெய்த துணியா?

திருப்பூரில் ஒட்டுப்போர்வை தைக்க நினைப்பவர்களுக்குத் துணிப் பஞ்சம் கிடையாது. காதர்பேட்டைப் பக்கம் போனால் கட் பீஸும் செகண்ட்ஸும் வேண்டிய நிறத்தில் அகப்படும். எந்தத் துணிக்கு எந்தத் தையல் பொருந்தும் என்பதில்தான் குழப்பம். இரட்டைச் சடையில் கட்டும் ரிப்பன் போவைப் போர்வையில் கொண்டுவருவதென்றால் குழப்பம் இன்னும் கூடும். முதலில் துணியை முடிவு செய்யுங்கள். போவை எப்படித் தைப்பது என்பதை அதுவே சொல்லிவிடும்.

துணி

சிங்கிள் ஜெர்சி: டி-ஷர்ட் துணி. மெத்தென்று இருக்கும், ஆனால் வெட்டியதும் ஓரம் சுருளும், குறுக்கே இழுபடும். பின்பக்கம் பியூசிங் ஒட்டினால் அடங்கும்.

இன்டர்லாக்: இரு பக்கமும் ஒரே முகம், ஓரம் சுருளாது. பனியன் வகைகளில் என் முதல் தேர்வு இதுதான்.

ரிப்: கழுத்துப்பட்டித் துணி. இழுவை மிக அதிகம் என்பதால் கட்டங்களுக்கு ஆகாது.

நெய்த காட்டன்: சோமனூர் வட்டாரத்து விசைத்தறித் துணி போதும். மடித்த மடிப்பு நிற்கும், முனை கூராக வரும்.

எதை எடுத்தாலும் கனம் ஒத்துப்போக வேண்டும். 140 ஜிஎஸ்எம் துணியை 240 ஜிஎஸ்எம் துணியோடு இணைத்தால் மெல்லியது இழுபட்டுக் கோணும். காம்பாக்டிங் சரியாக ஆகாத பனியன் துணி துவைத்ததும் நீளவாக்கில் சுருங்கும். ஆகவே துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். அடர்சிவப்பு, கருநீலம் என்றால் ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்தி, சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

போ

துண்டு இணைப்பு: நெய்த துணிக்கு இதுவே அழகு. 8 அங்குலக் கட்டத்துக்கு 4½ அங்குலச் சதுரம் நான்கு வேண்டும்: போ நிறத்தில் இரண்டு, பின்னணி நிறத்தில் இரண்டு. பின்னணிச் சதுரம் ஒவ்வொன்றின் ஒரு மூலையிலும் 2½ அங்குலப் போ நிறச் சதுரத்தை வைத்து, குறுக்காகத் தைத்து, மிச்சத்தை வெட்டி மடித்துத் தேயுங்கள். அந்த மூலைகள் நடுவில் சந்திக்கும்படி, ஒரே நிறச் சதுரங்களை எதிரெதிர் மூலையில் வைத்து ¼ அங்குலத் தையலில் இணைத்தால் முடிச்சோடு போ வந்துவிடும். 40க்கு 48 அங்குலப் போர்வைக்கு இப்படி 30 கட்டங்கள் ஆகும்.

ஒட்டுவேலை: பனியன் துணிக்கு ஏற்றது. போவை வரைந்து வெட்டி, பியூசிங் ஒட்டி, நெய்த காட்டன் தளத்தில் வைத்து ஓரம் முழுக்க ஜிக்ஜாக் தையல் போடுங்கள். வளைவான இதழும் தொங்கும் வாலும் இதில்தான் நன்றாக வரும்.

கட்டிய போ: தனியாகத் தைத்து, ரிப் பட்டியால் நடுவில் இறுக்கிப் பதிப்பது. பார்க்க எடுப்பாக இருக்கும். சுவரில் மாட்டுவதற்கு மட்டும் தையுங்கள்.

பனியன் துணிக்கு பால் பாயின்ட் ஊசி, 11ஆம் நம்பர் கட்டாயம். அது கண்ணியை விலக்கிக்கொண்டு இறங்கும். சாதாரண ஊசி கண்ணியை அறுத்துவிட்டால், துவைக்கத் துவைக்கத் தையலோரம் பொத்தல் பெரிதாகும். கம்பெனிச் செக்கிங்கில் நீடில் ஹோல் என்று பீஸை ஒதுக்குவது இதனால்தான்.

நடு அடுக்கு

நம் ஊர் வெயிலுக்குப் பழைய காட்டன் புடவை இரண்டு மடிப்பு போதும்; சீக்கிரம் காயும். பனிக்காலத்துக்குக் காட்டன் பிளீஸ் வைக்கலாம். பாலியெஸ்டர் பஞ்சு உப்பலாகத் தெரியும், எடையும் குறைவு, ஆனால் வேர்க்கும்.

யாருக்கு எது

குழந்தைக்கு: இன்டர்லாக் ஒட்டுவேலை. கட்டிய போவோ பட்டனோ கூடாது. பிய்ந்து வாய்க்குள் போகும். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது போர்த்தவும் வேண்டாம். தரையில் விரித்து விளையாட விடுங்கள்.

தினமும் போர்த்திக்கொள்ள: நெய்த காட்டன், துண்டு இணைப்பு. அடிக்கடி துவைத்தாலும் உழைக்கும்.

கையில் இருப்பது டி-ஷர்ட் பிட்டு மட்டும்தான் என்றால்: ஜெர்சிக்குப் பியூசிங், தளத்துக்குக் காட்டன், ஒட்டுவேலை. பியூசிங் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும், ஒரே ஒரு கட்டத்தைத் தைத்துத் துவைத்து இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். அளவு நின்றால் மீதித் துணியை வெட்டலாம்.