தேயிலைச் சுருட்டுப்புழுவை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவி

மலைநாட்டிற் குளவி என்றதும், கொழுந்து பறிப்போரைக் கொட்டிச் சிலவேளை உயிரையும் போக்கும் பெரிய குளவியே நினைவுக்கு வரும். எனினும், மனிதரைத் துன்புறுத்தாது பயிரின் பகையை மட்டும் அழிக்கும் சிறு குளவிகளும் உள. அவற்றுள் ஒன்று மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்பது. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் மரக்கறி பயிரிடுவோரும், தாழ்நிலத்து நெற்செய்கையாளரும் இதன் வரலாற்றிலிருந்து அறியத்தக்கன பல.

பீடை

தேயிலைச் சுருட்டுப்புழு ஓர் அந்துப்பூச்சியின் புழுவாகும். தாய் அந்து இலையின்மேல் முட்டைகளை மீன்செதில்போல் ஒன்றன்மேலொன்று படியத் தட்டையாக இடும். வெளிவரும் புழு, நூலிழையால் இலைகளைப் பிணைத்துக் கூடமைத்து, உள்ளிருந்தே இலையைத் தின்னும். கொழுந்தும் இளவிலையும் கெடுவதால் விளைச்சல் குன்றும். கூட்டினுள் மறைந்திருப்பதால் மருந்து இப்புழுவை எளிதில் எட்டாது. முற்காலத்தில் முட்டைத் திரள்களைக் கையாற் பொறுக்கி அழிப்பதே தோட்டங்களின் முதன்மையான காப்பாக இருந்தது.

குளவி வந்த வகை

யாவாத் தீவிலும் இப்புழு உண்டு. ஆங்கு அதனை அடக்கும் ஒட்டுண்ணியும் உண்டு. அவ்வொட்டுண்ணியாகிய இக்குளவி 1935-36ஆம் ஆண்டுகளில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. அது இங்கு நிலைபெற்றுப் பரவியதும், சுருட்டுப்புழுவின் கொடுமை பெரிதும் தணிந்தது.

அடையாளம்

இக்குளவி நுளம்பைப்போல் மெலிந்தது. கால்களும் உணர்கொம்புகளும் நீண்டவை. நுளம்புக்கு இறக்கை ஒரு சோடி. இதற்கோ இரு சோடி. இடை ஒடுங்கியிருக்கும். பெண்குளவியின் வாற்புறத்தில் மயிரிழை போன்ற நீண்ட முட்டையிடு குழல் காணப்படும். அது கொட்டுவதற்கன்று, இலைக்கூட்டினுள் மறைந்த புழுவை எட்டி முட்டையிடுவதற்கே அமைந்தது.

வாழ்க்கை

பெண்குளவி இளம் புழுவின் உடலுள் முட்டையிடும். அம்முட்டை ஒரே குஞ்சாக வளர்வதில்லை. பல கருக்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனிக் குடம்பியாகிறது. ஆகவே ஒரு முட்டையினின்றும் பல குளவிகள் தோன்றும். அவை யாவும் ஒரே பாலினவாக இருக்கும்.

புழு இறக்காமலே சிலகாலம் தின்றுகொண்டிருக்கும். முடிவில் ஒட்டுண்ணிக் குடம்பிகள் அதன் உடலைத் துளைத்து வெளிப்பட்டு, அருகருகே சிறு கூடுகள் பின்னிக்கொள்ளும். புழு வெறுந்தோலாகி மடியும். அந்தாக மாறுவதற்குமுன்பே அது மடிவதால் அடுத்த தலைமுறைக்கு முட்டையிடத் தாயில்லை. எனவே, குளவியின் பயன் இன்றைய இலையிலன்று, அடுத்த தலைமுறைப் புழுக்கள் குறைவதிலே தெரியும். இதனையறியாதார் பொறுமையிழந்து மருந்தை நாடுவர்.

மருந்தால் விளைந்த தீங்கு

1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலும் அதனையடுத்தும், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டினை அழிக்க டீல்ட்ரின் என்னும் மருந்து தெளிக்கப்பட்டது. வண்டு குறைந்தது, ஆனால் அதுவரை அடங்கியிருந்த சுருட்டுப்புழு பெருகியது. கூட்டினுள் ஒளிந்த புழு தப்பியது. இலைமேல் ஊர்ந்து இரைதேடிய குளவியோ மருந்துபட்டு மாண்டது. ஒரு பகையைக் கொல்லப் புகுந்து மற்றொரு பகையின் காவலை நீக்கியதாயிற்று. டீல்ட்ரின் இன்று இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் இப்பாடம் எல்லா நச்சுமருந்துக்கும் பொருந்தும்.

மரக்கறியும் நெல்லும்

இத்தகைய நண்பர் ஏனைய பயிர்களிலும் உளர். கோவா இலையைத் துளைத்துண்ணும் வைரமுதுகுப் பூச்சியின் புழுவைக் கொட்டேசியா என்னும் சிறு குளவி அழிக்கும்; இலையில் ஒட்டியுள்ள சிறிய வெண்கூடு அதன் குறி. நெல்லின் தண்டுத்துளைப்பான் முட்டையை, கண்ணுக்கு அரிதிற் புலப்படும் திரைக்கோகிராமா என்னும் முட்டை ஒட்டுண்ணி அழிக்கும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. தேயிலை இலையிற் காணும் முட்டைத் திரள்களைப் பொறுக்கி அழிக்க. இக்குளவி புழுவையே நாடுவதால் இதனால் அதற்குக் கேடில்லை.

2. புழுக்கூடுகளை உடனே எரித்துவிடாதீர். சிலவற்றைப் பசிய இலைகளுடன் கண்ணாடிப் போத்தலில் இட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டி வைக்க. இலை வாடின் மாற்றுக. அந்து வெளிவரின் அதனை அழிக்க. சிறு குளவிகள் வெளிவரின் அவற்றைத் தோட்டத்தில் விடுக.

3. பொறுக்கிய கூடுகள் மிகுதியாயின், அவற்றை வலையடித்த பெட்டியில் இடுக. வலைக்கண் குளவி வெளியேறவும் அந்து வெளியேறாதிருக்கவும் அளவாக இருத்தல் வேண்டும்.

4. புழுவைக் கண்டவுடன் மருந்து தெளியாதீர். கூடுகளைப் பிரித்து ஒட்டுண்ணி உண்டா எனப் பார்த்தபின்பே முடிவு செய்க.

5. மருந்து இன்றியமையாததாயின், விவசாயப் போதனாசிரியரைக் கலந்து, பீடை உள்ள பாத்திக்கு மட்டும் இடுக. அயலிலுள்ள தேயிலைமீது காற்றோடு செல்லவிடாதீர்.

கூலி கேளாது உழைக்கும் இச்சிறு குளவி தோட்டத்திற் பிழைத்திருக்கும்வரை, மருந்துக்குச் செலவாகும் பணமும் கமக்காரர் கையிலே தங்கும்.