எழுத்து, கோணம், கனவு: இளம் வடிவமைப்பாளருக்கு

சுங்கை பட்டாணியில் வடிவமைப்புப் பயிலும் அன்பு மகளுக்கு,

எழுத்து வரைவு, வடிவகணிதம், சர்ரியலிச ஓவியம் ஆகிய மூன்றிலும் வடிவமைப்பாளருக்கு முதலில் கைவர வேண்டியது எழுத்தே. கெடா நகரங்களின் கடைப் பலகைகளில் தேசிய மொழிக்கு முதன்மை தரவேண்டிய விதியால் தமிழுக்கு எஞ்சுவது பெரும்பாலும் ஒடுங்கிய ஒரு பட்டை. அதற்குள் பெயரை அடக்குவதற்காகக் கணினியில் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கும்போது, நெடுங்கோடுகள் மெலிய, கிடைக்கோடுகள் பருமன் குறையாமல் நிற்க, சுழிகள் அடைபட்டு, சாலையைக் கடப்பவருக்கு ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடுகின்றன. குறுகிய இடத்துக்கென்றே தனியாக வரையப்பட்ட எழுத்திலோ கோட்டுப் பருமன் ஒத்திருக்கும். மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலிருந்து தமிழ் எழுத்துருக்களை உருவாக்கி, ‘இணைமதி’யை ஆப்பிள் மேக் கணினிகளிலேயே இடம்பெறச் செய்திருக்கையில், கிடைத்த எழுத்தை நசுக்கிப் பலகை செய்வது சோம்பலன்றி வேறில்லை.

வடிவகணிதத்துக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. ரப்பர்ப் பால்மரத்துப் பட்டையில் இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வெட்டுக்கோடு இறங்குகிறது. பட்டைக்குள் பால்நாளங்கள் நேர்க்குத்தாக நில்லாமல் சற்றே வலம் சாய்ந்து ஏறுவதால், இச்சரிவில் வெட்டினால்தான் மிகுதியான நாளங்கள் அறுபட்டு, ‘மங்கு’ எனப்படும் கிண்ணத்தில் பால் நிறைய வடியும். சுவரொட்டியில் சாய்கோடு இழுப்பவரிடமும் இப்படியொரு காரணம் இருக்க வேண்டும். புள்ளிகளைச் சுற்றி அறுபடாமல் ஓடும் சிக்குக் கோலத்தையும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1970களில் கணித இலக்கணமாகவே ஆராய்ந்தார்.

கனவிலும் அடிமனத்திலும் தோன்றும் பொருந்தாச் சேர்க்கைகளைக் கலையாக்கிய சர்ரியலிசம், ஆந்த்ரே பிரெத்தோன் 1924இல் பாரிசில் வெளியிட்ட அறிக்கையோடு இயக்கமாயிற்று. அதன் உருகும் கடிகாரத்தைப் பால்மரக் கிளையில் தொங்கவிடுவது ஓவியர் டாலியின் 1931ஆம் ஆண்டு ஓவியத்தின் எச்சிலே. சுவர்த்தாள் வடிவமைப்பிலும் விளம்பரத்திலும் உழைத்த சர்ரியலிச ஓவியர் மக்ரித்திடம் கற்க நிறைய உண்டு: 1929இல் அவர் புகைக்குழாய் ஒன்றைப் பாடப்புத்தகப் படம்போல் பிழையின்றி வரைந்து, அது குழாயன்று என்பதைப் பள்ளிப்பிள்ளையின் கையெழுத்தில் கீழே எழுதினார். படமும் எழுத்தும் அத்தனை ஒழுங்காக இருப்பதாலேயே பார்ப்பவர் திடுக்கிடுகிறார். கோணலான எழுத்தில் அது வெறும் வேடிக்கையாகியிருக்கும்.

திருவிழா அழைப்பிதழோ பள்ளி மலரோ கைக்கு வரும்போது, தலைப்பைக் கட்டத்தாளில் பென்சிலால் வரைந்து, அச்சாகும் அளவிலேயே வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் தடுமாறாமல் படித்த பின்னரே கணினியைத் திறப்பது நல்லது.

அன்புடன்,
பெரியப்பா